யாரும் குளிக்காத பாத்ரூமில் கசிவு: ஓர் ஆய்வறிக்கை தவறிய விதம்

2023 பிப்ரவரியில் நான் கொடுத்த ஓர் அறிக்கையில் 63 குறைகளைப் பட்டியலிட்டிருந்தேன். அதில் 62 சரியாகத்தான் இருந்தன. மீதி ஒன்றால், குறையே இல்லாத ஒரு பாத்ரூம் தரையை உடைத்தார்கள். பில்டருக்குச் சுமார் 45,000 ரூபாய் செலவு, வீட்டுக்காரருக்கு இரண்டு மாத அலைச்சல், எனக்குப் பணமும் போனது, பேரும் போனது. புது வீடுகளை ஆய்வு செய்துகொடுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட யாருடைய பெயரும் வராது. என் தவறு மட்டும் முழுசாக வரும்.

வீடு

பழைய மகாபலிபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) பக்கம், ஸ்டில்ட் என்ற தூண்களுக்கு நடுவிலான கார் நிறுத்துமிடத்துக்கு மேல் ஐந்து மாடிக் கட்டடம். மூன்றாவது மாடியில் 1,050 சதுர அடி, இரண்டு படுக்கையறை. வாங்கியவர்கள் வேலைக்குப் போகும் இளம் தம்பதி. சாவி கைக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது, இன்னும் குடி வரவில்லை. என் கட்டணம் 6,500 ரூபாய், அறிக்கை இரண்டு நாளில். பாத்ரூம் தரையில் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனை வேண்டுமென்றால் மறுநாளும் வர வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். "அதெல்லாம் வேண்டாம் சார், நீங்க பார்த்தாலே போதும்" என்றார் கணவர். சரி என்று விட்டுவிட்டேன்.

காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து மூன்று மணி வரை பார்த்தேன். ஹாலில் தட்டிப் பார்த்ததில் 11 டைல்ஸ் பொள்ளல் சத்தம். கிச்சன் பிளக் ஒன்றில் எர்த் வரவில்லை. பால்கனி வாட்டம் வடிகால் பக்கம் போகாமல் கதவுப் பக்கம் வந்தது. ஜன்னல் சட்டத்தின் அடியில் மழைத் தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் ஓட்டையை யாரோ சிலிக்கான் வைத்து அடைத்திருந்தார்கள். எல்லாம் வழக்கமான சமாச்சாரம். பில்டரின் ஆட்கள் பத்து நாளில் முடித்தும் கொடுத்தார்கள்.

வில்லங்கம் மாஸ்டர் பெட்ரூமில் இருந்தது. அட்டாச்டு பாத்ரூமை ஒட்டிய நாலரை அங்குலச் சுவரில், ஸ்கர்ட்டிங்குக்கு மேலே, ஒன்றரை அடி நீளத்துக்குப் பெயின்ட் உப்பியிருந்தது. நகத்தால் தொட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஈரத்தை அளக்கும் ஈரமானியின் ஊசியை வைத்தால் 24 காட்டியது. அதே சுவரில் ஐந்தடி உயரத்தில் 9. தெர்மல் கேமராவில் அந்த இடம் மட்டும் நீலமாக, சுற்றியுள்ள சுவரைவிட இரண்டரை டிகிரி குளிர்ச்சியாகத் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன? பாத்ரூம். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

நான் எழுதியது

அறிக்கையின் அந்த வரி இது: "அட்டாச்டு பாத்ரூம் தரையின் வாட்டர்ப்ரூஃபிங் தோல்வி அடைந்துள்ளது. டைல்ஸை எடுத்து மறுபடி செய்ய வேண்டும்."

இரண்டு வாக்கியம். இரண்டிலும் நான் கண்ணால் பார்த்தது ஒன்றுகூட இல்லை. பார்த்ததெல்லாம் சுவரில் உப்பிய பெயின்ட், ஒரு எண், ஒரு நீலத் திட்டு, அவ்வளவுதான். தெர்மல் கேமரா தண்ணீரைக் காட்டுவதில்லை, சுவர் மேற்பரப்பின் வெப்பத்தைக் காட்டுகிறது. ஈரம் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்வதால் நீலமாகிறது, ஈரம் எந்த வழியாக வந்தது என்பது அதற்குத் தெரியாது. ஊசி ஈரமானியும் அப்படித்தான். அது மரத்துக்காக அளவு வைத்த கருவி. சிமென்ட் பூச்சில் வைத்தால் வரும் எண்ணை, பக்கத்தில் காய்ந்த இடத்து எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதற்கு மேல் அதில் அர்த்தம் தேடக்கூடாது. பூச்சில் உப்பு இருந்தாலும் எண் ஏறும். ஓ.எம்.ஆர். பக்கம் நிலத்தடி நீர் எவ்வளவு உப்பு என்று நமக்குத் தெரியாதா என்ன.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். புதிதாகச் சேரும் பையன்களுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் பெட்ரூம் சுவர் ஈரமாக இருந்து பின்னால் பாத்ரூம் இருந்தால் பத்துக்கு ஏழெட்டு முறை தரைதான் காரணமாக இருந்தது என் அனுபவத்தில். அந்தப் பழக்கம்தான் எழுதியது.

இன்னொரு தப்பும் செய்தேன். அறிக்கை அனுப்பிய அன்று இரவு பத்து மணிக்கு வீட்டுக்காரரின் மனைவி வாட்ஸ்அப்பில் கேட்டார்: "பாத்ரூம்தான்னு நிச்சயமா சொல்றீங்களா சார்?" சாப்பிட்டுக்கொண்டே 42 விநாடிக்கு ஒரு வாய்ஸ் நோட் போட்டேன். "நூறு பர்சென்ட் மேடம், உடைச்சுத்தான் ஆகணும், சும்மா டைல்ஸ் இடுக்குல மேலே கிரவுட் போட்டு ஏமாத்துவாங்க, விடாதீங்க." அறிக்கையில் இருந்ததைவிட இது பல மடங்கு மோசம். பின்னால் பில்டர் ஆபீசில் அத்தனை பேர் நடுவில் என் குரலையே எனக்குப் போட்டுக் காட்டினார்கள். கேட்கச் சகிக்கவில்லை.

உடைத்தார்கள்

பில்டரின் சைட் இன்ஜினியர் நியாயமான மனிதர். உடனே உடைக்கக் கிளம்பவில்லை. தரை வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி, சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு, 48 மணி நேரம் கழித்துப் படம் அனுப்பினார். கோட்டை விட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. வீட்டுக்காரர் அந்தப் படத்தை எனக்கு அனுப்பி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். நான் சொன்ன பதில்: "சாக்பீஸ் கோடு யார் வேணா எப்ப வேணா போடலாம் சார்."

இப்போது நினைத்தால் கூசுகிறது. என் கணிப்புக்கு எதிராக வந்த ஒரே நேரடிச் சோதனை அது. நேரில் போய் நானே கோடு போட்டிருக்கலாம், அரை நாள் வேலை.

வீட்டுக்காரர் பில்டருக்கு மெயில் போட்டார். அதில் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவைக் குறிப்பிட்டிருந்தார். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் வேலைத்தரத்திலோ கட்டுமானத்திலோ குறை என்று வாங்கியவர் தெரிவித்தால், பில்டர் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு. சட்டம் அவ்வளவு தெளிவாகவே இருக்கிறது. என் அறிக்கையும் இணைப்பில் இருந்ததால் பில்டர் சண்டை போடாமல் உடைத்தார். பிப்ரவரி கடைசியில் தரையை எடுத்தார்கள், மார்ச் நடுவில் புது டைல்ஸ் போட்டு, பெட்ரூம் சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தார்கள். சுவர் காய்ந்து சுத்தமாக இருந்தது. வீட்டுக்காரர் எனக்கு நன்றி சொல்லிப் படம் அனுப்பினார். நான் அதை என் ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் அதே இடத்தில் பெயின்ட் மறுபடி உப்பியது.

இந்த முறை பில்டர் ஒரு வரியில் பதில் அனுப்பினார். உங்கள் ஆய்வாளர் சொன்ன காரணத்தை, சொன்னபடியே சரிசெய்துவிட்டோம், புகார் முடிக்கப்பட்டது. சைட் இன்ஜினியர் எனக்குப் போன் செய்தார். குரல் உயரவில்லை. "சார், தப்பா நினைக்காதீங்க, வாட்டர்ப்ரூஃபிங் ஆளுங்ககிட்ட ஏதாவது கமிஷன் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. ஆனால் முந்தின வருடம் ஒரு வாட்டர்ப்ரூஃபிங் காரர் பத்து பர்சென்ட் தருகிறேன் என்று கேட்டதும், வேண்டாம் என்று நான் அனுப்பிவிட்டதும் உண்மை. அவருக்கு அது எப்படித் தெரியும்? தப்பான காரணத்தைப் பிடிவாதமாகச் சொல்பவன், வெளியிலிருந்து பார்த்தால் கமிஷன் வாங்கினவன் மாதிரியேதான் தெரிவான்.

பிளம்பர் கேட்ட கேள்வி

மறுநாளே போனேன். கூடவே எனக்குப் பழக்கமான பிளம்பர் ஒருவரை, கைப்பம்பும் பிரஷர் கேஜும் எடுத்துவரச் சொல்லி, என் செலவில் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு அறுபது வயது இருக்கும், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். சுவரைப் பார்த்தார், பாத்ரூமைப் பார்த்தார், கேட்டார்: "இந்த வீட்ல யாரு சார் இருக்காங்க?"

"இன்னும் யாரும் வரல அண்ணே. இன்டீரியர் வேலை நடக்கப் போவுது."

"யாருமே குளிக்கல. அப்புறம் எப்டி சார் தரையில இருந்து தண்ணி வரும்?"

பதில் சொல்ல எதுவும் இல்லை. அன்றிரவு பிப்ரவரி மாதம் நானே எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 47-ஆவது படம் பாத்ரூம் தரை, நான் குழாயைத் திறப்பதற்கு முன் எடுத்தது. தரை முழுக்கக் காய்ந்த சிமென்ட் தூசி. அதில் ஒரு செருப்புத் தடம்கூட இல்லை. ஹெல்த் ஃபாசெட்டில் கம்பெனிக்காரன் சுற்றிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கிறது. அந்தத் தரை பல நாளாகத் தண்ணீரைப் பார்க்கவே இல்லை, ஆனால் பக்கத்துச் சுவர் நனைந்திருக்கிறது. தெர்மல் படமும் கூடவே சாட்சி சொன்னது. தரையிலிருந்து ஏறும் ஈரம் கீழே அடர்த்தியாக இருந்து மேலே போகப் போகக் குறையும். என் படத்தில் அடர்ந்த நீலம் தரையிலிருந்து ஓரடி மேலே இருந்தது. ஆதாரம் முழுக்க என் லேப்டாப்பிலேயே இரண்டு மாதம் கிடந்திருக்கிறது.

ஆள் குடியேறாத வீட்டில் ஈரம் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, எந்தத் தண்ணீர் இங்கே எப்போதும் இருக்கிறது என்பதுதான். தரைக் கசிவுக்கு யாராவது குளிக்க வேண்டும். வடிகால் குழாய்க் கசிவுக்கு இந்த வீட்டிலோ மேல் வீட்டிலோ யாராவது தண்ணீர் விட வேண்டும். வெளிச்சுவர் என்றால் மழை வேண்டும். அது பிப்ரவரி, அதுவும் உள்சுவர். பிரதான வால்வு திறந்திருந்தால் மேல் தொட்டித் தண்ணீர் மட்டும் இரவும் பகலும் குழாயை அழுத்திக்கொண்டே நிற்கும். ஒப்படைக்கும் முன் குழாய் சோதிக்க வால்வைத் திறந்தவர்கள் அதை மூடவே இல்லை.

எனக்காகவும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளலாம். பள்ளமாக விட்டு நிரப்பும் பாத்ரூம் ஸ்லாபில், டைல்ஸ் போடும் முன் கட்டிய தண்ணீர் செங்கல் ஜல்லிக்குள் தங்கி, பல வாரம் கழித்துச் சுவரில் இறங்குவது உண்டு. ஆகவே காய்ந்த தரை மட்டும் எதையும் நிரூபித்துவிடாது. ஆனால் அப்படித் தங்கிய தண்ணீர் என்றால் நாளாக நாளாக எண் குறைய வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போய் ஊசியை ஒருமுறை வைத்திருந்தால் தெரிந்திருக்கும். போகவில்லை.

சரி, சோதனைக்கு வருவோம். பிளம்பர் பிரதான வால்வை மூடி, குளிர் தண்ணீர் லைனில் பம்பை மாட்டி அழுத்தத்தை ஐந்து கிலோவுக்கு ஏற்றினார். இருபது நிமிடத்தில் முள் மூன்றரைக்கு இறங்கியது. சுடு தண்ணீர் லைன் அசையவில்லை. பிறகு ஆங்கிள் காக் என்ற சுவர்க் குழாய் வால்வின் பக்கத்தில் இரண்டு சுவர் டைல்ஸை மட்டும் எடுத்தோம். சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாயில் வரும், பித்தளைத் திருகு வைத்த எல்போ (வளைவு இணைப்பு), தரையிலிருந்து ஓரடி உயரம். டெஃப்லான் டேப்பை மொத்தமாகச் சுற்றி, ஸ்பேனர் போட்டு ஆங்கிள் காக்கை முறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். பித்தளையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கில் முடி அளவு விரிசல். துடைத்துவிட்டுப் பார்த்தால் அரை நிமிடத்துக்கு ஒரு சொட்டு முளைத்தது. அதுதான் மொத்தத் தண்ணீரும்.

அப்படியானால் மார்ச்சில் சுவர் ஏன் காய்ந்தது? தரையை உடைத்த மூன்று வாரமும் வேலைக்காக வால்வை மூடி வைத்திருந்தார்கள். வேலை முடிந்து திறந்ததும் சொட்டு மறுபடி ஆரம்பித்தது. நான் ஸ்டேட்டஸில் வைத்துப் பெருமைப்பட்ட படம், மூடிய வால்வின் படம்.

பணமும் பேரும்

எல்போ விரிசல் விட்டது தன் ஆட்களின் தவறு என்று சைட் இன்ஜினியர் ஒப்புக்கொண்டு அன்றே மாற்றிக்கொடுத்தார். சுவர் டைல்ஸ் அதே பேட்ச் கிடைக்கவில்லை, நிறம் ஒரு சாயல் தள்ளி இருந்தது. அந்த வரிசை முழுக்க, பார்டர் மாதிரி வரும் கோடு டைல்ஸ் ஒட்டிச் சரிக்கட்டினோம். நான் கட்டணம் 6,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன், பிளம்பருக்கு 1,500, கோடு டைல்ஸுக்கு 2,200. ஆக 10,200 ரூபாய்.

எழுத்தில் மன்னிப்புக் கேட்காதே, குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று வக்கீல் நண்பர் பயமுறுத்தினார். நான் வீட்டுக்காரர், இன்ஜினியர் இருவரிடமும் நேரில் கேட்டேன். பணம் கொடுத்தபோது, இந்த விஷயம் இத்துடன் முடிந்தது என்று வீட்டுக்காரரிடமிருந்து ஒரு மெயில் மட்டும் வாங்கிக்கொண்டேன். அதையாவது செய்யுங்கள். நம் ஊரில் இந்தத் தொழிலுக்கு உரிமம் கிடையாது, ஆனால் காசு வாங்கிச் செய்யும் சேவை என்பதால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சேவைக் குறைபாடு என்று நம் மேலேயும் வழக்குப் போடலாம். வாங்கிய கட்டணத்துக்கு மேல் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வைத்திருக்கிறேன், ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் அது நிற்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு அதுவரை எடுக்கவில்லை, அந்த வருடம் எடுத்தேன்.

10,200 ரூபாய் பெரிய அடி இல்லை. அதே கட்டடத்தில் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழு வழியாக நாலு வீடு எனக்குப் பேசி வைத்திருந்தார்கள். இரண்டு கைவிட்டுப் போயின.

ஆனால் இவற்றைவிட எனக்கு உறைத்தது பில்டரின் அந்த ஒரு வரிப் பதில். சட்டப்படி வாங்கியவர் குறையைத் தெரிவித்தால் போதும், காரணத்தைக் கண்டுபிடிப்பது பில்டர் தலைவலி. "சுவர் நனைகிறது" என்று எழுதியிருந்தால் சுவர் காயும்வரை அவர் விட்டுப் போக முடியாது. நான் "பாத்ரூம் தரை" என்று எழுதி, என் வாடிக்கையாளரின் புகாரை நானே சின்னதாக்கிவிட்டேன். தரையை மாற்றினார்கள், புகார் முடிந்தது, சுவர் நனைந்தபடியே இருந்தது. காரணம் சொன்னால் வாடிக்கையாளருக்கு அதிகமாக ஏதோ செய்கிறோம் என்ற நினைப்பு நம்மில் பலருக்கும் உண்டு. உண்மையில் அவர் கையிலிருந்த பலமான சீட்டைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறோம்.

அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய ஆஷி என்ற வீட்டு ஆய்வாளர் சங்கத்தின் நடைமுறை விதிகளில், குறைகளுக்கான காரணத்தைத் தீர்மானிப்பது ஆய்வாளரின் கடமை இல்லை என்று போட்டிருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் அதைப் படித்துவிட்டு, சரியான தப்பித்துக்கொள்ளும் ஆட்கள் என்று சிரித்திருக்கிறேன்.

இப்போது எழுதும் விதம்

அதே சுவரை இன்று பார்த்தால் இப்படி எழுதுவேன்:

"படுக்கையறை 1, குளியலறையை ஒட்டிய சுவர். தரையிலிருந்து 9 முதல் 20 அங்குல உயரம் வரை, 18 அங்குல நீளத்துக்குப் பெயின்ட் உப்பி உதிர்கிறது. ஈரமானி இங்கே 24, அதே சுவரில் 5 அடி உயரத்தில் 9. ஆய்வின்போது குளியலறை பயன்பாட்டில் இல்லை, தரை காய்ந்திருந்தது, பிரதான வால்வு திறந்திருந்தது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை இந்த ஆய்வு கண்டறியவில்லை. எதையும் உடைக்கும் முன், குழாய்களில் அழுத்தச் சோதனையும் தரையில் தண்ணீர் கட்டும் சோதனையும் கட்டுநர் செய்து, முடிவை எழுத்தில் தர வேண்டும். சரிசெய்த பின், வால்வு திறந்த நிலையில் சுவரை மறுபடி அளக்க வேண்டும்."

நீளம்தான். ஆனால் இதில் பின்வாங்க வேண்டிய வார்த்தை எதுவும் இல்லை. கடைசி வரியை மட்டும் எந்த அறிக்கையிலும் விடுவதில்லை. மறு அளவுக்குப் போகும் செலவை முதல் கட்டணத்திலேயே சேர்த்துவிட்டேன். அதனால் கட்டணம் 8,000 ஆனது. சிலர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள், போகட்டும். பார்க்க முடியாமல் போனவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குகிறேன்: குழாய்கள் போகும் ஷாஃப்ட் பூட்டியிருந்தது, லிஃப்ட் அறைக்கு விடவில்லை, மேல் வீட்டில் ஆள் இல்லை, தண்ணீர் கட்டும் சோதனையை வாடிக்கையாளர் வேண்டாம் என்றார். வாய்ஸ் நோட் சுத்தமாக நிறுத்தியாயிற்று. இரவில் யாராவது கேட்டால், "அறிக்கை 14-ஆவது பக்கம் பாருங்க, காலையில பேசலாம்" என்று எழுத்தில் அனுப்புகிறேன்.

வாடிக்கையாளர்களுக்கு இது எப்போதும் பிடிப்பதில்லை. போன மாதம் பெரும்பாக்கத்தில் ஒரு வீடு, இதே மாதிரி பாத்ரூமை ஒட்டிய சுவர், இதே மாதிரி ஈரம். ஆனால் அங்கே மூன்று மாதமாகக் குடியிருக்கிறார்கள். வீட்டுக்காரரின் அப்பா என் அறிக்கையைப் படித்துவிட்டுப் போன் செய்தார். "என்ன தம்பி, எட்டாயிரம் வாங்கிட்டு எங்கேருந்து வருதுன்னு தெரியலைன்னு எழுதியிருக்கீங்க?"

"குழாயை டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கய்யா. ரிசல்ட் வந்ததும் நானே வர்றேன்."

முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். நாலு நாளில் முடிவு வந்தது. இரண்டு லைனிலும் முள் இம்மி அசையவில்லை. தரையில் கட்டிய தண்ணீர் 24 மணி நேரத்தில் கோட்டுக்குக் கீழே முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. கோட்டை இந்த முறை நான்தான் போட்டேன். அந்த வீட்டில் பாத்ரூம் தரைதான்.